காலி மனையும் கறிவேப்பிலையும் (மாட்டுங்கா மார்க்கெட் – பகுதி 6)

சென்ற வாரக் கதை மாண்ட்வியில் நின்றது. 1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தானியக் கிடங்குப் பேட்டையில் பரவிய காய்ச்சல் பிளேக்தான் என்று டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டு சொன்னார். சில மாதங்களுக்குள் நகரத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அரண்டுபோன அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை ஏற்படுத்தி, அதன் ஒரு கையில் கடப்பாரையும் மறு கையில் வரைபடமும் கொடுத்தது.

கடப்பாரை தெற்கே வேலை செய்தது. நெருக்கடியான சந்துகளை இடித்துத் தள்ளி பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை என்று அகலமான சாலைகளைத் திறந்துவிட்டது.

வரைபடம் வடக்கே போனது.

*

1899–1900இல் தயாரான அந்தத் திட்டத்தில் தாதர்–மாட்டுங்காவில் 60,000 பேர், சயான்–மாட்டுங்காவில் இன்னொரு 60,000 பேர், சிவ்ரி–வடாலாவில் 85,000 பேர் குடியேறுவார்கள் என்று கணக்கு எழுதப்பட்டது. ஆக, காகிதத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம்.

தரையிலோ வயலும் உப்பளமும் சதுப்பும்தான். நடுவே மாட்டுங்கா என்ற சிற்றூர். அதன் எல்லையைக் காத்தவள் மருபாய் என்ற கிராம தேவதை. 'மாதங்கம்' என்றால் யானை. பீம்தேவ் என்ற அரசனின் யானைக் கொட்டாரம் இங்கே இருந்ததால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். யானைகள் நின்றதற்குச் சாட்சி யாரும் இல்லை. மருபாய் கோயில் மட்டும் இன்றும் இருக்கிறது. நாலா பக்கமும் மாடி வீடுகள் எழும்பிவிட்ட பிறகும் அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

டிரஸ்டின் பொறியாளர்கள் பிளேக்குக்குக் காரணம் இருட்டும் அடைசலும்தான் என்று நம்பினார்கள். எலியையும் தெள்ளுப்பூச்சியையும் அறிவியல் சரியாகப் பிடிப்பதற்குள் காற்றும் வெளிச்சமும் மருந்தாகிவிட்டன. தலைவராக இருந்த ஜே.பி. ஓர் என்பவர் இந்தக் கொள்கையைக் கோணத்தில் அளந்தார். சுவரின் அடியில் நின்று 63.5 பாகைக்கு அண்ணாந்து பார்த்தால் எதிர்க் கட்டடம் மறைக்காமல் வானம் தெரிய வேண்டும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதை இந்த விதி தீர்மானித்தது. மாட்டுங்காவின் பழைய தெருக்களில் நடக்கிறவர் இன்று அனுபவிக்கும் மரநிழலுக்கும் ஆகாயத்துக்கும் அந்தப் பழைய பயம்தான் மூலம்.

ஆனால் திட்டம் ஊர்ந்தது. நிலம் எடுக்கவே ஆண்டுகள் போயின. பள்ளம் தூர்க்க வேண்டும், சாக்கடை போட வேண்டும். அதற்குள் முதல் உலகப் போர். சாலைகள் வந்தன, விளக்குகள் வந்தன. ஆட்கள் வரவில்லை.

தாதர் பக்கம் ஒருவர் முந்திக்கொண்டார். டிரஸ்டிலேயே பொறியாளராக இருந்த மஞ்செர்ஜி ஜோஷி, பார்சி நடுத்தரக் குடும்பங்களுக்காக 103 மனைகளை ஒதுக்க வைத்தார். இன்றைய பார்சி காலனி அது; அவர் பெயரைத் தாங்கிய ஐந்து தோட்டங்கள் அதன் ஓரத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இந்து காலனி எழுந்தது. இன்னும் வடக்கே, ரயில் நிலையத்துக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் இடையில், மனைகள் ஆளுக்காகக் காத்திருந்தன.

யார் வருவார்கள்?

*

விடை தெற்கே இருந்து வந்தது. அதுவும் ரயிலில்.

1871இலேயே பம்பாயின் ஜி.ஐ.பி. ரயில் பாதையும் மெட்ராஸ் ரயில் பாதையும் ராய்ச்சூரில் கைகோத்துவிட்டன. முதலில் வந்தவர்கள் சிலர்தான். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அந்தச் சிலர் கூட்டமானார்கள். பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பள்ளி இறுதி முடித்த இளைஞர்கள். பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு கோட்டு. கூடவே சென்னை அரசு நடத்திய டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துத் தேர்வுகளின் சான்றிதழ். அந்தக் காகிதம்தான் அவர்களுடைய நிலபுலம்.

பம்பாய்க்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்றுமதி கம்பெனிகளும் பெருகிக்கொண்டிருந்தன. முதலாளி குஜராத்தியாக இருக்கலாம், பார்சியாக இருக்கலாம், வெள்ளைக்காரராக இருக்கலாம். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் குறிப்பெடுத்து, மாலைக்குள் பிழையில்லாமல் தட்டெழுத ஓர் ஆள் வேண்டும். போதாததற்கு ஜி.ஐ.பி. ரயில்வே 1915இல் மாட்டுங்காவிலேயே பெட்டிகளும் வேகன்களும் பழுதுபார்க்கும் பெரிய பட்டறையைத் தொடங்கியது. அங்கேயும் கணக்கு எழுத, பேரேடு பார்க்க ஆள் தேவைப்பட்டது.

மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் குடித்தனக்காரரைவிட வீட்டுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

*

இங்கே கதை ஒரு கதவுக்கு முன்னால் தயங்கி நிற்கிறது. கழிப்பறைக் கதவு.

சிரிக்க வேண்டாம். இந்தத் தொடரில் இதுவரை வந்த எல்லாத் திருப்பங்களிலும் பெரியது இதுதான் என்று சொன்னாலும் மிகையில்லை.

அதுவரை பம்பாய் குமாஸ்தாவின் வீடு என்றால் சால். நீண்ட வராந்தா, வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை. டிரஸ்டின் புது மனைகளில் எழுந்த கட்டடங்கள் வேறு மாதிரி. இரண்டு மூன்று அறைகள், அடுக்களை, குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே வாசலுக்குள். இதற்கு 'ஃபிளாட்' என்று பெயர்.

அக்ரகாரத்தில் பிறந்தவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஊரில் கழிப்பிடம் கொல்லைக்கோடியில், கிணற்றையும் மாட்டுத் தொழுவத்தையும் தாண்டி இருந்தது. வாசலிலிருந்து கொல்லை வரை நீண்ட அந்த வீட்டின் அமைப்பே ஆசாரத்தின் வரைபடம். அடுக்களையில் சாமிக்கு நைவேத்தியம் கொதிக்கும்போது, ஒரு சுவருக்கு அப்பால் கழிப்பறை என்றால் எப்படி? வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இந்தக் காலத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் நிகில் ராவ், மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் ஃபிளாட்டுக்குப் பழகிய விதத்துக்கும் அந்தக் கழிப்பறைக்கும் அதனால்தான் இவ்வளவு இடம் கொடுக்கிறார்.

பேச்சுவார்த்தை நடந்தது, செங்கல்லோடும் சிமெண்டோடும். கழிப்பறை வீட்டின் பின் மூலைக்குத் தள்ளப்பட்டது. பல கட்டடங்களில் பின்பக்கம் தனியாக ஒரு படிக்கட்டு ஏறியது. அது துப்புரவுத் தொழிலாளிக்கு. அவர் முன்வாசல் வழியே வரக்கூடாது. புது நகரம், புது வீடு, புது வேலை என்று எல்லாம் மாறியபோதும் சாதி மட்டும் பின்கட்டில் தனக்கென்று ஒரு படிக்கட்டு கட்டிக்கொண்டது. பழைய கட்டடங்களின் முதுகுப் பக்கம் போய்ப் பார்ப்பவர்கள் அதை இன்னும் காணலாம்.

முகச்சுளிப்பு நீண்ட நாள் தாங்கவில்லை. பக்கத்து ஃபிளாட்டில் அத்தை மகன். மேல் மாடியில் ஒரே ஊர்க்காரர். எதிரில் ஆபீஸ் நண்பர். 1932இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார், பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. பஜனைக்கு ஆஸ்திக சமாஜம் இருந்தது. கழிப்பறை எங்கே இருந்தால் என்ன என்று கடைசியில் பாட்டிமார்களும் விட்டுவிட்டார்கள்.

குடும்பம் வந்து சேர்ந்தது. சேர்ந்ததும் முதல் கேள்வி: சாம்பாருக்கு என்ன காய்?

*

டிரஸ்ட் சாலையின் அகலத்தை அளந்தது, மரத்தின் இடைவெளியை அளந்தது, வானத்தையே பாகையில் அளந்தது. கறிவேப்பிலையை அளக்க மறந்துவிட்டது.

மாட்டுங்கா மார்க்கெட் அந்த மறதியில் முளைத்தது. வாழைப்பூ வேண்டும், வாழைத்தண்டு வேண்டும், முருங்கைக்காய், சேனை, வெண்பூசணி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் வேண்டும். கேட்கிற வாய் ஒன்றிரண்டாக இருந்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரே தெருவில் நூறு அடுக்களை ஒரே காயைக் கேட்டபோது வியாபாரி திரும்பிப் பார்த்தார். அவர் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மராட்டியக் காய்காரர் 'வாழைப்பூ' என்று சொல்லக் கற்றுக்கொண்டார். கச்சிலிருந்து வந்த மளிகைக்காரர் துவரம்பருப்புக்கும் உளுந்துக்கும் தமிழில் விலை சொன்னார். அந்தத் தமிழ் இன்றும் அந்தக் கடைகளில் புழங்குகிறது. இலக்கணம் கொஞ்சம் தள்ளாடும், கணக்கு தள்ளாடாது.

தனியாள்களின் கதை வேறு. கல்யாணமாகாத குமாஸ்தா ஐந்தாறு பேரோடு ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டிருப்பார். அறையில் அடுப்பு கிடையாது. வயிறு உண்டு. அந்த வயிறுகளை நம்பித்தான் அடுத்த பத்தாண்டில் மாட்டுங்காவின் சாப்பாட்டு வரலாறு அசுர வேகத்தில் எழுதப்பட்டது. 1936இல் மைசூர் கஃபே. 1937இல், ருயா கல்லூரி தொடங்கிய அதே ஆண்டில், மணீஸ் லஞ்ச் ஹோம். 1939இல் ராமாஷ்ரய். 1940இல் கோபால் காமத்தின் கஃபே மெட்ராஸ். 1942இல் ரயில் நிலையத்தை ஒட்டி ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்.

பெயர்களைக் கவனிக்க வேண்டும். காமத், நாயக். மணீஸைத் தவிர்த்தால், மாட்டுங்காவின் 'மெட்ராஸ் சாப்பாட்டை' பெரும்பாலும் சமைத்துப் போட்டவர்கள் உடுப்பி, மங்களூர் பக்கத்தவர்கள். சாப்பிட்டவர்கள் தமிழர்களும் மலையாளிகளும். ரசத்தில் லேசாக வெல்லம் தட்டுப்பட்டபோது தஞ்சாவூர்க்காரர் புருவத்தை உயர்த்தியிருப்பார். ஆனால் அடுத்த வேளையும் அங்கேயேதான் போயிருப்பார். பம்பாய்க்கு இந்த வேறுபாடெல்லாம் பிடிபடவில்லை. துளு, கொங்கணி, கன்னடம், தமிழ், மலையாளம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டது: மதராசி. அந்தச் சொல் பின்னால் என்ன விலை கேட்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ராம நாயக் கடை திறந்த ஆண்டு சரியான ஆண்டுமில்லை, தவறான ஆண்டுமில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பம்பாய் பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. 1943 மே மாதம் நகரில் ரேஷன் வந்தது. இந்திய நகரங்களில் ரேஷனை முதலில் கண்டது பம்பாய்தான். அரிசிச் சோறுக்காரர்கள் நிரம்பிய பேட்டைக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று சொல்லத் தேவையில்லை. கோதுமைக்குப் பழகாத கைகள் சப்பாத்தி இடக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான். மாட்டுங்காவின் போர்டிங் சாப்பாட்டில் சோற்றுக்கு முன்னால் இன்றும் சப்பாத்தியோ பூரியோ வந்து உட்காருவதைப் பார்க்கும்போது, அந்தக் காலத்தின் ஞாபகம் வராமல் போகாது.

*

தண்டவாளத்தின் மறுபக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து வடமேற்கே, நடந்து போகும் தூரத்தில், தாராவி. அங்கே தமிழ் முன்பே வந்துவிட்டது. நகரம் தன் நாற்றத்தைப் பொறுக்காமல் தோல் பதனிடும் தொழிலை எல்லைக்கு வெளியே தள்ளிய 1880களிலேயே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வியாபாரிகளான முஸ்லிம்களும் அவர்களோடு ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் தாராவிச் சதுப்பில் கால் ஊன்றினார்கள். மாட்டுங்கா வரைபடம் பிறப்பதற்கு முன்பே அங்கே தமிழில் வேலை நடந்தது, தமிழில் சண்டை நடந்தது.

இரண்டு பக்கமும் ஒரே ரயிலில் வந்தவர்கள்தான். டிரஸ்டின் 63.5 பாகை வானம் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது. மறுபக்கத்துக்குக் கிடைக்கவில்லை. மாட்டுங்காவின் வரலாற்றை இட்லி, காபி, கச்சேரி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தத் தண்டவாளத்தைக் கடப்பதில்லை. மார்க்கெட் கடந்தது. பூவும் காயும் கூடையும் சுமையும் இரு பக்கமும் போய் வந்தன.

*

இன்று அங்கே போகிறவர் சனிக்கிழமை காலையில் போவது நல்லது. சென்ட்ரல் லைனில் மாட்டுங்காவில் இறங்க வேண்டும். 2017இல் முழுக்கப் பெண் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்ட நிலையம் இது. மறு ஆண்டு லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. கிழக்கே இறங்கினால் கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும். ஒரு பக்கம் காபிக்கொட்டை வறுபடும் வாசனை, இன்னொரு பக்கம் மல்லிகை.

பூக்கடைச் சந்தில் மல்லிகையும் கதம்பமும் முழம் போட்டு விற்கிறார்கள். வாழையிலைக் கட்டு, மாவிலைத் தோரணம், கல்யாண மாலை எதற்கும் தமிழிலேயே பேரம் பேசலாம். சில அடிகளில் பித்தளைப் பாத்திரம், காபி ஃபில்டர், இடியாப்ப உழக்கு. பூஜைச் சாமானும் ஸ்லோகப் புத்தகமும் விற்று இன்று சென்னையில் பெரும் பெயர் எடுத்திருக்கும் கிரி டிரேடிங் நிறுவனமும் 1950களின் தொடக்கத்தில் இந்த மாட்டுங்காவில்தான் பிறந்தது. மயிலாப்பூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

பசித்தால் ராம நாயக் கடையின் முதல் மாடிக்கு ஏறலாம். வாழையிலைச் சாப்பாடு கேட்டு வாங்கலாம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனால் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கூட்டத்தில் குஜராத்தி, மராத்தி, இந்தி எல்லாம் கேட்கும். தமிழ் அவற்றில் ஒன்று. மணீஸ் செம்பூருக்குப் போய்விட்டது. மாட்டுங்காவின் பிள்ளைகளில் பலர் வீடு தேடி அங்கேதான் போனார்கள். செட்டா நகரில் படியேறிப் பார்க்க ஒரு முருகனும் வந்துவிட்டார். அது தனி அத்தியாயம்.

சாயங்காலம் வரை நேரம் இருந்தால் ஷண்முகானந்தா அரங்கம். 1952இல் சபாக்கள் சேர்ந்து ஒன்றாகி, 1963இல் திறந்த மண்டபம். ஏறத்தாழ மூவாயிரம் பேர் உட்காரலாம். 1990இல் தீயில் கருகி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறுபடி எழுந்தது.

அந்த 1963ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வாடகை ஃபிளாட்டில் கழிப்பறைக்குத் தயங்கிய குமாஸ்தாவின் மகன் இப்போது மேலாளர். அவருக்கு நகரத்தின் மிகப் பெரிய அரங்கு சொந்தம், பள்ளி சொந்தம், கோயில் சொந்தம், ஒரு மார்க்கெட்டே சொந்தம். தொலைபேசிகூட வந்துவிட்டது. தொலைபேசி அட்டவணையில் அவர் பெயர் அச்சாகியிருந்தது.

அட்டவணையை வேறொருவரும் புரட்டிக்கொண்டிருந்தார்.

*

1960 மே 1ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பால் தாக்கரே என்ற கார்ட்டூனிஸ்ட் 'மார்மிக்' என்ற மராத்தி வார இதழைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதில் ஒரு பகுதி வரத் தொடங்கியது. கட்டுரை இல்லை, கதை இல்லை, படமும் இல்லை. வெறும் பெயர்கள். பம்பாயின் நிறுவனங்களில் உயர்ந்த வேலைகளில் இருந்தவர்களின் பட்டியல். ஐயர், நாயர், ராவ், மேனன் என்று தென்னிந்தியப் பெயர்கள் பத்தி பத்தியாக இறங்கின. தலைப்பு, 'படியுங்கள், சும்மா இருங்கள்' என்று குத்தியது.

பின்னர் அந்தத் தலைப்பில் பாதி மாறியது: 'படியுங்கள், எழுந்திருங்கள்.'

1966 ஜூன் 19 அன்று சிவசேனா உருவானது. அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, தாதரின் சிவாஜி பூங்காவில் அதன் முதல் பெருங்கூட்டம். மைதானம் நிரம்பி வழிந்தது. அங்கிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அதிக தூரமில்லை. நடுவே ரயில் பாதையைக் கடந்தால் போதும். வழியெல்லாம் உடுப்பி ஹோட்டல்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஊர் பேர் சொல்லும் பலகை.

கூட்டம் கலைந்தது. அது எந்தப் பக்கம் நடந்தது? திங்கட்கிழமை காலை இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றுவதற்கு முன், கடைக்காரர்கள் தங்கள் பலகையை என்ன செய்தார்கள்?

(அடுத்த வாரம்)